வாயாடி வைத்த இடம்

காலையில் என் வீட்டுக்காரருக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, தலையணையில் தலையைச் சாய்த்து, வலது கன்னம் கேமராவைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தேன். என் தம்பி கம்ப்யூட்டரை ஸ்டாண்டில் மாட்டி, வாயாடியைத் திறந்தான். திரையில் பெரிய எழுத்தில் வந்தது: "வணக்கம்! நீங்கள் புதியவரா? உங்கள் பெயர் என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னடா இது, நம்ம ஆளையே யாருன்னு கேக்குது?"

தம்பி சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் என் சிரிப்பும் நின்றது.

வாயாடி அவன் எழுதிய சாஃப்ட்வேர். அந்தப் பெயரை வைத்தது என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டியவர். ஏறுகிறவர், இறங்குகிறவர், குறுக்கே வருகிறவர் என்று ஒருத்தரையும் விடாமல் கிண்டல் செய்தே வண்டியை ஓட்டியவர். நரம்பு வியாதி வந்து முதலில் கால் போனது, பிறகு கை, பிறகு பேச்சு. இமை கூட அது பாட்டுக்குத்தான் மூடித் திறக்கும், அவர் சொன்னால் கேட்காது. மிஞ்சியது வலது கன்னத்தில் ஒரு துடிப்பு. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுங்கிக்கொண்டே போகும். வேண்டிய எழுத்து மினுங்கும்போது அவர் கன்னத்தை அசைத்தால் கேமரா பிடித்துக்கொள்ளும். எழுத்துகள் சேர்ந்து வார்த்தையானதும் ஸ்பீக்கர் அதைச் சத்தமாகச் சொல்லும்.

ஆரம்பத்தில் அந்தத் துடிப்பு எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். இப்போது மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தாலும் எனக்குத் தெரியாது. வாயாடிக்குத் தெரியும். அவருக்குத் துடிப்பு குறையக் குறைய அதுவும் தினம் கொஞ்சம் கண்ணைத் தீட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்குகிற மாதிரி கூடவே இறங்கி வந்தது. கட்டின பெண்டாட்டி நான்கூட அப்படி இறங்கி வரவில்லை. அதுதான் இன்றைக்கு அவரை யார் என்று கேட்கிறது.

பழைய கம்ப்யூட்டர் கொஞ்ச நாளாக நொண்டிக்கொண்டிருந்தது. விண்டோஸை எடுத்துவிட்டு அதிலேயே லினக்ஸ் போட்டால் புதுசு மாதிரி ஓடும் என்று சொல்லி முந்தின நாள் அதைக் கொண்டுபோனவன் இவன்தான்.

"பேக்கப் எடுத்தியாடா?" என்றேன்.

"எடுத்தேன்க்கா. மாமாவோட செட்டிங்ஸ் ஃபோல்டர் முழுசா பென்டிரைவ்ல இருக்கு. பயப்படாத. எடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

"என்ன எடம்?"

"ஒவ்வொரு சிஸ்டமும் ஒவ்வொரு வீடு மாதிரி. வீட்ல ஆளுக்கு ஒரு ரூம். ஒவ்வொரு ரூம்லயும் அவங்கவங்க செட்டிங்ஸ வைக்க ஒரு அலமாரி உண்டு. விண்டோஸ்ல அது ஒரு மூலைல இருக்கும், மேக்ல வேற மூலை, லினக்ஸ்ல இன்னொரு மூலை. வாயாடி புது வீட்ல புது அலமாரியத் திறந்து பாத்திருக்கு. காலியா இருந்திருக்கு. அதான் பேர் கேக்குது."

"அப்ப எடுத்து வை."

எடுத்து வைத்தான். மறுபடி திறந்தான். இந்தத் தடவை பெயர் கேட்கவில்லை. அவருக்குப் பிடித்த கறுப்புப் பலகை வந்தது, மஞ்சள் எழுத்து வந்தது, எழுத்தின் அளவு கூட சரியாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் பலகை மறைந்து வேறொரு வரி வந்து நின்றது: "தொடங்குவதற்கு, கன்னத்தை நன்றாக உயர்த்துங்கள்."

நாங்கள் இரண்டு பேரும் அவர் கன்னத்தைப் பார்த்தோம். அது உயரவில்லை. அவர் உயர்த்திக்கொண்டுதான் இருந்திருப்பார். அந்த வரி அப்படியே நின்றது.

தம்பி என்னென்னவோ தட்டினான். கொஞ்ச நேரத்தில் தட்டுவதையும் நிறுத்திவிட்டான். "அக்கா," என்றான். அவன் சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து நின்றபோதும் இதே குரலில்தான் கூப்பிட்டான். "எழுத்து, கலர், சத்தம் எல்லாம் செட்டிங்ஸ்ல இருந்துச்சு, வந்துடுச்சு. கன்னத்தப் பத்தி வாயாடி தானா கத்துக்கிட்டத நான் அதுல வைக்கல. வேற எடத்துல வச்சேன்."

"எந்த எடம்?"

"தற்காலிகமா வைக்கிற எடம். அழிஞ்சாலும் மறுபடி கணக்குப் போட்டுக்கலாம்ங்கறத எல்லாம் அங்கதான் போடணும்னு முறை. யாரும் அத பேக்கப் எடுக்க மாட்டாங்க. நானும் எடுக்கல. அந்த டிஸ்க்க அழிச்சுத்தான் லினக்ஸ் போட்டேன்."

"சரி, மறுபடி கணக்குப் போடச் சொல்லு."

"மாமா கன்னத்த நல்லா உயர்த்தினாதான் போடும்."

எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். உடம்பு தெம்பாக இருந்தபோது கற்றுக்கொண்டதை, தெம்பு போன பிறகு எங்கே போய்க் கற்றுக்கொள்வது? கடைசிப் படியில் நிற்கிறவரைப் பார்த்து, மேலே ஏறிப் போய் முதல் படியிலிருந்து இறங்கி வா என்கிறது.

அப்போதுதான் அவர் நெற்றியைப் பார்த்தேன். முத்து முத்தாக வியர்த்திருந்தது. மூச்சு வேகமாகப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மூக்கு மேட்டைத் தாண்டித் தலையணையில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் அவருக்கு எப்போதும் வரும். வியர்வையும் மூச்சும் சேர்ந்து வந்தால் வலி என்று அர்த்தம். எங்கே என்று அவரே சொல்லிவிடுவார். "குதிகால்" என்பார், "சட்டை மடிப்பு" என்பார். ஒரு தடவை "எறும்பு. விஐபி ஸீட்டில்" என்றார். அதை எடுத்துவிட்டால் முடிந்தது.

இன்றைக்கு அந்த வாய்தான் இல்லையே.

குதிகாலைப் பார்த்தேன். முதுகுக்கு அடியில் கையை விட்டுத் தடவினேன். விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். சாப்பாடு போகிற டியூபைப் பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். மாமியார் வந்து வேட்டியை அவிழ்த்து உதறிக் கட்டிவிட்டார். "தலைய மட்டும் அசைக்காதீங்க," என்று தம்பி கெஞ்சினான். "கோணம் மாறினா நம்ம கிட்ட ஒண்ணுமே இருக்காது. துளி துடிப்பு வந்தாலும் பிடிச்சிடலாம்னு பாக்கறேன்." அதனால் தலையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்தோம். வியர்வை நிற்கவில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். "எங்க வலிக்குதுன்னு அவரக் கேட்டுச் சொல்லுங்கம்மா, மருந்து சொல்றேன்," என்றார். அதைக் கேட்க முடிந்தால் உங்களை ஏன் கேட்கிறேன் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். நல்ல மனுஷர், பாவம். அன்றைக்கு என் வாயில் யார் விழுந்தாலும் அதே கதிதான்.

"ஏம்மா, என் புள்ள அழறான்," என்றார் மாமியார். "என்னமோ சொல்றான். உனக்குத் தெரியலயா?"

"தெரியல அத்தை. உங்களுக்குத் தெரியுதா?"

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

நான் தம்பி பக்கம் திரும்பினேன். அதற்குப் பிறகு பேசியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவர் படுக்கைக்கு மேலாகவே, அவர் தலைக்கு மேலேயே கத்தினேன். "ஒரு மனுஷன் பேச்ச எடுத்துக் குப்பக்கூடைல போட்டு வச்சிருக்க. கலர் பத்திரமா இருக்கு, பேச்சு போச்சு! மஞ்ச எழுத்த வச்சு நான் என்னடா செய்யறது, நாக்கு வழிக்கறதா? மறுபடி கத்துக்குமாம். உன் மாமா மறுபடி எழுந்து நின்னு பஸ் ஓட்டுவாரா, அது பாத்துக் கத்துக்க? படிச்சியே, ஆபீஸ் போறியே, ஆளு இன்னும் எத்தன நாளைக்குத் துடிப்பான்னு ஒரு வார்த்த யோசிச்சியா?"

கடைசி வாக்கியம் வாயை விட்டு வந்த பிறகுதான் அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது உறைத்தது. உறைத்தாலும் நிறுத்தவில்லை. பயத்தில் கத்துகிறவளுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

தம்பி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் தலையைத் தூக்கினான்.

"அக்கா, கடை கம்ப்யூட்டர் இன்னும் இருக்கா?"

கடை என்றால் என் தையல் கடை. நானும் இன்னொரு அம்மாவும் பார்ட்னராகச் சேர்ந்து நடத்தியது. இவருக்குக் கால் போன புதிதில் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் கடைக்கு வந்து, எம்பிராய்டரி மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டரில் டிசைன் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையும் போனபோது தம்பி வாயாடியை முதல் முதலாக ஏற்றியது அந்தக் கம்ப்யூட்டரில்தான். பிறகு நான் கடைக்குப் போவதை விட்டேன். பார்ட்னர் தனியாக நடத்துகிறார்.

"இருக்கும். டிசைன் அதுலதான ஏத்தணும். ஏன்?"

"அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. எத எங்க வைக்கணும்ங்கற முறையெல்லாம் தெரியாம, கலரு, கன்னம், எல்லாத்தையும் ஒரே ஃபைலாக் கட்டி புரோகிராம் பக்கத்துலயே கொட்டி வச்சிருந்தேன். எவனாவது பாத்திருந்தா காறித் துப்பியிருப்பான்."

"ஆனா அப்ப அவர் நல்லா அசைப்பாரேடா. இப்ப இருக்கறதுக்கு அது ஆகுமா?"

"எந்த எடத்துல, எந்தப் பக்கமா துடிப்பார்னு அதுல இருக்கும். எவ்வளவுங்கறத நான் கையால கொறைச்சுக்குவேன். எந்த எடம்னு தெரியாமதான் இப்ப கேமரா முழிக்குது."

"துப்பறத அப்புறம் பாத்துக்கலாம். வண்டிய எடு," என்றேன். மாமியாரை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, தலையை மட்டும் தொடாதீர்கள் என்று நூறு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் ஒவ்வொரு சிக்னலும் எங்களைக் கண்டதும் சிவப்பானது. இந்நேரம் பார்ட்னர் கம்ப்யூட்டரை மாற்றியிருப்பாரோ, எடைக்குப் போட்டிருப்பாரோ என்று அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

கடையில் எம்பிராய்டரி மெஷின் ஒரு ரவிக்கைக் கையில் மயில் போட்டுக்கொண்டிருந்தது. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பார்ட்னர் எழுந்து மெஷினை நிறுத்திவிட்டார். மயிலுக்குக் கழுத்து வரைக்கும்தான் ஆகியிருந்தது. "அது கெடந்துட்டுப் போவுது, பிரிச்சுப் போட்டுக்கறேன். நீ உக்காரு தம்பி," என்று நாற்காலியைத் தள்ளினார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் யார் நுழைகிறீர்கள் என்று கேட்கிற பக்கம் வந்தது. அதில் இரண்டு வட்டங்கள். ஒன்று பார்ட்னர். இன்னொன்றில் என் வீட்டுக்காரர், டிரைவர் சட்டையில், எதையோ சொல்லிவிட்டு அதற்குத் தானே சிரிக்கிற முகத்தோடு. அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

"அத எடுத்துடுங்க, எடத்த அடைக்குதுன்னு ரிப்பேர்க்காரன் ரெண்டு மூணு தடவ சொன்னான்," என்றார் பார்ட்னர். "எனக்கு மனசு வரல. தெனமும் காலைல தொறந்தா சிரிக்கிறார் மனுஷன். இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

தம்பி பார்ட்னர் பெயரில் நுழைந்து பழைய வாயாடி இருந்த ஃபோல்டரைத் திறந்தான். புரோகிராம் இருந்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

"எங்கடா?"

"இல்லக்கா."

"பக்கத்துலயே கொட்டி வச்சேன்னியே!"

"கொட்டினேன்க்கா. இங்கதான் கொட்டினேன். இல்ல." அவன் குரல் உடைந்துவிட்டது. மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான். காலி ஃபோல்டரில் எதை உருட்டுவது?

நான் துணி மூட்டை மேல் உட்கார்ந்தேன். இவ்வளவுதான் என்று தோன்றியது. இனி அவர் பாட்டுக்கு உள்ளே கிடப்பார், நாங்கள் பாட்டுக்கு வெளியே நின்று குதிகாலைத் தடவிக்கொண்டிருப்போம். வலித்தாலும் அவருக்குத்தான் தெரியும், வலி போனாலும் அவருக்குத்தான் தெரியும். ஐயோ என்று கத்தக்கூட வாயில்லாத ஒருவரோடு நான் எப்படி வாழப் போகிறேன்? பார்ட்னர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கைக்குத்தான் காத்திருந்த மாதிரி எனக்கு அழுகை பீறிட்டது.

திடீரென்று தம்பி தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டான். "விட்டிருக்காதுக்கா!"

"எது?"

"விண்டோஸ்! புரோகிராம் ஃபோல்டர்ல கண்டவன் எழுத விடாது. எனக்குத்தான் அப்ப தெரியாதே. இந்த மாதிரி விவரம் தெரியாதவன் எழுத வந்தா, எழுதிட்டேன்னு அவன்கிட்ட பொய் சொல்லிட்டு, அந்த நேரம் யார் பேர்ல நுழைஞ்சிருக்காங்களோ அவங்க ரூம்ல கொண்டுபோய் ஒளிச்சு வைக்கும். மாமா பேர்லதான நுழைஞ்சிருந்தோம்?"

அவன் தேட ஆரம்பித்தான். என் வீட்டுக்காரர் பெயர் போட்ட ஃபோல்டர். அதற்குள் மறைத்து வைத்திருந்த ஒன்று, அதற்குள் இன்னொன்று, அதற்குள்ளும் ஒன்று. பூட்டின வீட்டில் அறை அறையாகத் தேடுகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தான். கடைசி அறையில் வாயாடி என்று பெயர் இருந்தது. உள்ளே ஒரே ஒரு ஃபைல்.

அந்த வட்டத்தை எடுத்துவிடச் சொன்ன ரிப்பேர்க்காரன் பேச்சை ஒரு தடவை கேட்டிருந்தாலும் அதுவும் போயிருக்கும். நான் பார்ட்னரைக் கட்டிக்கொண்டேன். "போ போ, மொதல்ல போ," என்று அவர் என்னைத் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. மாமியார் விசிறிக்கொண்டிருந்தார். தம்பி ஃபைலைப் புது வீட்டின் அலமாரியில் வைத்து வாயாடியைத் திறந்தான். எழுத்துப் பலகை வந்தது, எழுத்துகள் மினுங்கிக்கொண்டே போயின. எதிலும் நிற்கவில்லை.

"இது பழைய அளவு," என்று சொல்லித் தம்பி அளவைக் கூட்டிக் குறைக்கிற கோடு ஒன்றைத் திரையில் வரவைத்தான். அதன் நடுவில் ஒரு பொத்தான். அதைப் பிடித்து இடது பக்கம் நகர்த்தினான். எழுத்துகள் ஓடின, நிற்கவில்லை. இன்னும் நகர்த்தினான். நிற்கவில்லை. பொத்தான் போய்க்கொண்டே இருந்தது. நேற்று வரைக்கும் இவர் இத்தனை கீழே இறங்கிப் போய்த்தான் என்னோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோடு முடிகிற இடத்துக்கு நகத்தளவு தூரம் இருக்கும்போது பலகை ஒரு எழுத்தில் நின்றது.

"இதுக்குக் கீழ?" என்று கேட்டேன்.

தம்பி என்னைப் பார்க்காமல் சொன்னான். "கொஞ்சம்தான் இருக்கு. அப்புறம் மூச்சு விடறதயே எழுத்துன்னு எடுத்துக்கும்."

அந்த நகத்தளவை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் ஸ்பீக்கர் பேசியது.

"காது."

எந்தக் காது, என்ன காது என்று நாங்கள் விழித்தோம். பிறகு நான் தலையைத் தூக்கினேன். காலையில் என் கையால் சாய்த்து வைத்த தலை. அடியில் இடது காது அப்படியே இரண்டாக மடிந்து, தலையணைக்கும் மண்டைக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்தது. கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. உடம்பெல்லாம் தேடினோம், தலையை மட்டும் தொடவில்லை. நான் காதை நிமிர்த்தி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது, வியர்வை அடங்கியது. மாமியார் சத்தம் போட்டு அழுதார்.

"டேய்," என்றேன் தம்பியிடம். "அந்த ஃபைல அலமாரில வை, பென்டிரைவ்ல வை, கடைல வை. அந்தக் காறித் துப்பற எடத்துலயும் ஒண்ணு வை."

"வச்சிட்டேன்க்கா," என்றான்.

காதுக்கு அடியில் துணியை மடித்து வைத்து, தலையைப் பழையபடி கேமராவுக்குத் திருப்பினோம். எழுத்துகள் மினுங்க ஆரம்பித்தன. வெகுநேரம் எடுத்துக்கொண்டு, விட்டு விட்டு, ஒரு வரி சேர்ந்தது. அவர் என்னைத் திட்டட்டும் என்று நான் தயாராக நின்றேன்.

"ஒரு காது மூடிக் கிடந்தது. பாதித் திட்டுதான் கேட்டேன். மீதியச் சொல்லு."

தம்பி வெடித்துச் சிரித்தான், சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தான். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் முட்டிபோட்டு, சிவந்து கிடந்த காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனேன். எதையாவது சொல்ல வேண்டும் என்று எவ்வளவோ முயன்றேன். எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.